காயடிக்காத மூன்று பன்றிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கதுரை அண்ணாச்சி ஓர் அலுமினியச் சட்டியைக் கொண்டுவந்து என் பண்ணை கேட்டுக்கு முன்னால் தரையில் வைத்தார். மூடியைத் திறந்து காட்டினார். உள்ளே மசாலா போட்டு வெந்த பன்றிக்கறி, கரண்டி படாமல் அப்படியே இருந்தது. என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார் பாருங்கள், அதிலேயே எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

கறி நாறுகிறது என்றார். நாள்பட்ட மூத்திர நாற்றமாம். சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் பேரப்பிள்ளைகள் இரண்டும் குமட்டி ஓடிவிட்டார்களாம். கோயிலுக்கு நான் கொடுத்த அந்தப் பன்றியில் பங்கு வாங்கிய பதினோரு வீட்டிலும் இதே கதைதானாம். நான் குனிந்து மோந்து பார்த்தேன். மல்லி, மிளகு, பூண்டு. சட்டிக்குள் மூக்கை விடாத குறையாக இன்னொரு தரம் பார்த்தேன். வேறு ஒரு வாடையும் இல்லை. ஏழு வருடமாகப் பன்றியோடுதான் என் பொழுதே போகிறது, நாறுகிற கறி எனக்குத் தெரியாதா, வேறு எங்காவது கோபத்தை வைத்துக்கொண்டு இங்கே வந்து சட்டியை வைக்காதீர்கள் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன்.

என் மூக்கையும் கண்ணையும் யாரும் குறை சொன்னதில்லை. அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான வருடமே திருப்பூருக்கு வந்தவள் நான். பெயர் சித்ராதேவி. பதினாறு வருடம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வருகிற பனியனை டியூப்லைட்டுக்குக் கீழே விரித்து, ஓட்டையோ எண்ணெய்க் கறையோ விட்டுப்போன தையலோ தெரிந்தால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்க வேண்டும். என் மேசையைத் தாண்டிப்போன பீஸ், சரக்கு வாங்கும் பையரிடமிருந்து திரும்பி வந்ததில்லை. வீட்டுக்காரர் இறந்த பிறகு அதை விட்டுவிட்டு, முதலிபாளையம் தாண்டி ஒன்றரை ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்து வெண்பன்றி வளர்க்கிறேன். கம்பெனி ஹாஸ்டல்களில் மிஞ்சும் சோறுதான் தீனி. போர்த்தண்ணீரை நம்ப முடியாது, சாயம் கலந்திருக்கும். நான் குடிக்கிற லாரித் தண்ணீரைத்தான் அவையும் குடிக்கின்றன.

தெற்கிலிருந்து வந்த நாங்கள் நாற்பது குடும்பம் சேர்ந்து, தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரு துண்டு இடத்தில் சுடலைமாடனுக்குப் பீடம் கட்டியிருக்கிறோம். ஆடி மாதம் கோயில் கொடைவிழா. மாடனுக்குப் பன்றி வெட்டுவோம். வெட்டுகிற பன்றி ஆணாக இருக்க வேண்டும், மேனியில் ஊனம் இருக்கக் கூடாது, கத்தி பட்டிருக்கக் கூடாது. அதனால் கொடைக்கென்று விடுகிற குட்டிக்கு மட்டும் காயடிக்க மாட்டேன். காயடிக்காத ஆண் பன்றியின் கறி சில நேரம் நாறும் என்று கறிக்கடைக்காரர்கள் சொல்வார்கள். எனக்கு ஒரு நாளும் நாறியதில்லை, அதனால் நான் அதை நம்பியதும் இல்லை.

இந்த வருடம் மூன்று பன்றி கொடுத்தேன். மூன்றும் ஒரே கொட்டிலில் வளர்ந்தவை. மூன்றாவதை என் மகன் தரணீதரன் பெயருக்கு நேர்ந்து விட்டிருந்தேன். தரணிக்கு இருபத்தொரு வயது. நிட்டிங் மிஷின் ஓட்டுகிறான். மூன்று வாரத்துக்கு முன்னால்தான் அவனுக்கு டி.பி. என்று சொல்லி மாத்திரை ஆரம்பித்திருந்தார்கள். கொடைக்கென்று ஏற்கெனவே வளர்ந்திருந்த பன்றியை அன்றைக்குத்தான் அவன் குணமாக வேண்டும் என்று நேர்ந்துகொண்டேன். நாறுகிறது என்று அண்ணாச்சி சொன்னதும் அதைத்தான்.

அண்ணாச்சி சத்தம் போடவில்லை. அவர் எங்கள் கோயிலில் சாமியாடுகிறவர், சத்தம் போட வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒரே தீனி, ஒரே தண்ணி, ஒரே கொட்டில், இரண்டு பன்றி நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் நாறுகிறதென்றால் குற்றம் பன்றியில் இல்லை என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"மாடன் ஒம் மவன் பன்னிய ஏத்துக்கிடல சித்ரா. அப்பன் சத்தியத்த மீறுனான். மவன் என்ன செய்யுதான்னு பாத்துக்கோ."

எந்தப் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சு வைத்திருக்கிறவள் நான். இதற்கு இல்லை. ஏனென்றால் அப்பன் சத்தியத்தை மீறினான் என்பதை ஊருக்கு முதலில் சொன்னதே நான்தான்.

என் வீட்டுக்காரர் இசக்கிமுத்துவும் நிட்டிங்கில்தான் இருந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கினால் குடிப்பார். மற்றபடி தங்கமான மனிதர், அதையும் சொல்ல வேண்டும். ஏழு வருடத்துக்கு முன்னால் அவருக்கு டி.பி. வந்தது. இந்த மாத்திரையோடு சாராயம் சேர்ந்தால் ஈரல் போய்விடும் என்று சுகாதாரப் பணியாளர் அம்மா கண்டித்துச் சொன்னார். மறுநாளே பீடத்துக்குப் போய், சூடம் கொளுத்தி, அதைக் கையால் அடித்து அணைத்து, இனித் தொட மாட்டேன் என்று சத்தியம் செய்தார். அண்ணாச்சிதான் வலது கையில் கறுப்புக் கயிறு கட்டிவிட்டார். சத்தியத்தைக் காப்பாற்றுகிறவன் கயிறு அவனோடு சுடுகாடு வரை போக வேண்டும். மீறினவன் கயிற்றை நாலு பேர் பார்க்க அறுத்துவிட வேண்டும். இது எங்கள் கோயில் வழக்கம்.

ஐந்து வாரம் ஒழுங்காகப் போனது. ஆறாவது வாரம் வாந்தி. சோற்றைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் கண் மஞ்சளானது. மூத்திரம் சிவப்பாகப் போகும், அது மாத்திரையின் நிறம், பயப்படாதீர்கள் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள், அதனால் அதை நான் கவனிக்கவில்லை. கண் மஞ்சளானால் உடனே ஓடி வாருங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். அது குடிக்கிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்தேன். மஞ்சள்காமாலை என்றால் எங்கள் லைன் வீடுகளில் ஒரே அர்த்தம்தான். ஒளித்துக் குடித்திருக்கிறான், மாடன் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று எல்லாரும் பேசினார்கள். நானும் பேசினேன், எல்லாரையும்விடச் சத்தமாக.

அவர் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

"சத்தியமா தொடலட்டி. வேணும்னா வாய மோந்து பாரு."

மோந்து பார்த்தேன். தித்திப்பாக ஒரு வாடை வந்தது. பிராந்தி என்று என் மூக்கு சொன்னது. என் மூக்கு சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அதற்குப் பிறகு அவர் கெஞ்சியது எதுவும் என் காதில் ஏறவில்லை. மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டுகிறது, இரண்டு நாள் விட்டுவிடுகிறேனே என்றார். குடிக்கும்போது புரட்டவில்லையா என்றேன். ஒரு வேளைகூட விடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா, தினமும் காலையில் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றேன். விழுங்கின பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, அடியில் ஒளித்திருக்கிறாரா என்று பார்த்தேன். செக்கிங்கில் மடிப்பைப் பிரித்துத் தையல் பார்ப்போமே, அந்த மாதிரி. கண் மஞ்சளான பிறகு ஒன்பது நாள் அப்படிக் கொடுத்தேன். ஒரு நாள் தப்பவில்லை.

பத்தாம் நாள் நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் டாக்டர் குடிப்பாரா என்று கேட்டார். வீட்டுக்காரருக்கு அரைகுறையாக நினைவு வந்து தலையை ஆட்டப் பார்த்தார். ஆமா சார், குடியை நிறுத்திவிட்டதாகப் பொய் சொல்லி ஒளித்துக் குடித்தார் என்று நான் முந்திக்கொண்டு சொன்னேன். டாக்டர் அதை எழுதிக்கொண்டார். நாலாம் நாள் வீட்டுக்காரர் இறந்துவிட்டார். எடுப்பதற்கு முன்னால், நூல் வெட்டுகிற டிரிம்மரை எடுத்து, எல்லாரும் பார்க்க, அவர் கையிலிருந்த கயிற்றை வெட்டி எறிந்தேன். கொள்ளிச் சட்டியைப் பிடித்துக்கொண்டு தரணி நின்றிருந்தான். அவனுக்கு அப்போது பதினாலு வயது.

இதையெல்லாம் தெரிந்துதான் அண்ணாச்சி அப்படிச் சொன்னார். அதோடு இன்னொன்றும் உறுத்தியது. முந்தின நாள் சாயங்காலம் தரணி சோமனூரில் ஒரு சிநேகிதன் தம்பிக்குக் காதுகுத்து என்று போய்விட்டு வந்தான். வந்ததும் வாந்தி எடுத்தான். வாயை ஊதிக் காட்டச் சொன்னேன். அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஊதினான். ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் சந்தேகம் போகவில்லை. அன்று காலை மாத்திரை வேண்டாம் என்று கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். எழுப்பி உட்காரவைத்து, விழுங்குகிற வரை நின்று, நாக்கைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பண்ணைக்கு வந்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து ஸ்கூட்டியில் கோகிலவாணி வந்து இறங்கினாள். கால்நடை டாக்டர். பல்லடத்துப் பிள்ளை, முப்பது வயதுகூட ஆகவில்லை. பன்றி ஈரலைப் பற்றித்தான் கல்லூரியில் ஏதோ பெரிய படிப்பு படிக்கிறாள். மாதத்தில் ஒரு ஞாயிறு என் பண்ணைக்கு வந்து ஊசி போட்டுவிட்டு, ரத்தமும் மயிரும் எடுத்துக்கொண்டு போவாள். சட்டியையும் எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு என்ன ஏது என்று விசாரித்தாள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல, அவள் முகத்தில் கவலை வருவதற்குப் பதிலாக ஓர் ஆசை வந்தது. மூன்று பன்றியின் பச்சைக் கொழுப்பும் இருக்கிறதா என்று கேட்டாள்.

இருந்தது. கொடுத்தவள் என்ற முறையில் மூன்றிலும் எனக்குப் பங்கு வந்திருந்தது. தரணி சாப்பிடாததால் மூன்றும் தனித்தனிக் கவரில் பண்ணை ஃபிரிட்ஜிலேயே கிடந்தது. கோகிலா ஓர் இரும்புக் கம்பியை அடுப்பில் காயவைத்து, முதல் துண்டுக் கொழுப்பில் தொட்டாள். சுர்ரென்று புகை வந்தது. மூன்று பேரும் மோந்தோம். வெறும் கொழுப்பு. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் கம்பி பட்டதும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அண்ணாச்சி துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி பின்னால் போனார்.

நான் குனிந்து, புகை கண்ணில் படுகிற வரை இழுத்தேன். கருகின கொழுப்பு வாடை. அவ்வளவுதான். இரண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறீர்களா என்று கேட்டேன். கோகிலா சிரிக்கவில்லை.

"இல்லீங்க அக்கா. இந்த வாடை சில பேரு மூக்குக்குச் சுத்தமா தெரியாதுங்க. பொறப்புலயே அப்படி. உங்களுக்கு ஒரு நாளும் தெரியாதுங்க."

நான் எழுந்து நின்றேன். என் மூக்குக்குத் தெரியாத வாடை ஒன்று உண்டு, அது இத்தனை வருடமாக என் முன்னாலேயே இருந்திருக்கிறது, ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் பன்றிகளின் பதிவு நோட்டைப் புரட்டினாள். முதல் இரண்டும் என் பழைய ஆணுக்குப் பிறந்தவை. மூன்றாவது, போன வருடம் கணியூர்ப் பக்கம் வாங்கிவந்த ஆணுக்குப் பிறந்தது. பிறகு எங்கள் இரண்டு பேருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள். வளர்ந்த ஆண் பன்றியின் உடம்பில் இந்த வாடைச் சரக்கு தானாக ஊறும். ஈரல்தான் அதை உடைத்து வெளியே தள்ள வேண்டும். அதைச் செய்ய ஈரலுக்குள் என்சைம் என்று ஒன்று இருக்கிறது. சில பன்றிக்கு அது வேகமாக வேலை செய்யும், சிலதுக்கு மெதுவாகத்தான் செய்யும். மெதுவானால் உடையாதது கொழுப்பில் போய்த் தங்கிவிடும். அப்பனிடமிருந்தும் ஆத்தாளிடமிருந்தும் வருகிறது அது. ஒரே சோற்றைத் தின்று ஒரே தண்ணீரைக் குடித்தாலும் ஈரலுக்கு ஈரல் மாறும். இந்த மூன்றாவதன் ஈரலைச் சோதித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாம், ஆனால் நோட்டைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது என்றாள்.

அப்படியென்றால் மாடன் தள்ளிவிட்டது என்பது என்னவாயிற்று என்று அண்ணாச்சி கேட்டார். சாமியைப் பற்றித் தனக்குத் தெரியாது, ஈரலைப் பற்றித்தான் தெரியும் என்று அவள் பணிவாகச் சொன்னாள். பன்றி ஒரு தப்பும் செய்யவில்லை, கொடுத்த கையும் ஒரு தப்பும் செய்யவில்லை என்றாள். அண்ணாச்சி சட்டியை மூடினார். எடுத்துக்கொண்டு போகவில்லை, ஆனால் கேட்டருகே இருந்ததைத் தூக்கி உள்ளே திண்டின் மேல் வைத்துவிட்டுப் போனார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

எனக்கு மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. கோகிலா ஊசி மருந்தை எடுத்துக்கொண்டே, பன்றிக்கு மட்டும் இல்லை, மனிதருக்கும் இதே கதைதான், அதனால்தான் பன்றி ஈரலைப் படிக்கிறோம் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். ஒரே மாத்திரையை ஒருவர் ஈரல் சமாளித்துவிடும், இன்னொருவருக்கு ஈரலே வெந்துபோகும் என்றாள்.

எந்த மாத்திரை என்று கேட்டேன்.

"நெறையா இருக்குதுங்க அக்கா. வலிப்பு மாத்திரை, டி.பி. மாத்திரை..."

"குடிக்காதவங்களுக்குமா?"

"ஒரு சொட்டுத் தொடாதவங்களுக்கும் மஞ்சக்காமாலை வருமுங்க. அப்ப ஒடனே மாத்திரையை நிறுத்தோணும். விடாமக் குடுத்தா ஆளே போயிருவாங்க."

பண்ணையிலிருந்து என் வீடு முந்நூறு அடி இருக்கும். செருப்புப் போடவில்லை. ஓடினேன்.

தரணி அப்படியே சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். கட்டிலுக்குக் கீழே பக்கெட்டில் காலையில் விழுங்கினது சிவப்பாகக் கிடந்தது. தோளைப் பிடித்துத் திருப்பினேன். வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வந்து, கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தேன். பன்றிக்குச் சீக்கு வந்தால் அப்படித்தான் பார்ப்பேன். வெள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் ஓடியிருந்தது. லேசாகத்தான். ஆனால் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவன் கையெடுத்துக் கும்பிட்டான். பெற்ற தாயை, இருபத்தொரு வயதுப் பிள்ளை, கும்பிட்டான்.

"நான் குடிக்கலம்மா. சத்தியமாக் குடிக்கல."

ஐயோ, அந்தச் சொல். அப்பன் சொன்ன அதே சொல். அவன் அதை எங்கே கேட்டு வைத்திருந்தான்? வேறு எங்கே, இந்த வீட்டில்தான், இதே கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பதினாலு வயதில் கேட்டிருப்பான். நான் அவன் கையைப் பிரித்துவிட்டேன். தெரியும்ல, எந்திரி என்று மட்டும் சொன்னேன். வேறு எதையாவது சொன்னால் உடைந்துவிடுவேன் என்று தெரிந்தது.

சோறு ஏற்றுகிற குட்டியானை வண்டியிலேயே அவனை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மாத்திரை அட்டையையும் எடுத்துப்போயிருந்தேன். ரத்தம் எடுத்தார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு டாக்டரம்மா வந்தார். ஈரல் கணக்கு இருக்க வேண்டியதைப்போலப் பத்து மடங்கு ஏறியிருக்கிறது, எல்லா மாத்திரையையும் இந்த நிமிடமே நிறுத்துகிறோம், இறங்கின பிறகு ஈரலைத் தொடாத மருந்தாகப் பார்த்து ஒவ்வொன்றாகக் கொடுப்போம் என்றார். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள், இன்னும் ஒரு வாரம் விடாமல் கொடுத்திருந்தால் கஷ்டம் என்றார். அவர் என்னைப் பாராட்டித்தான் அப்படிச் சொன்னார்.

பிறகு பேனாவை எடுத்து, கேள்வி கேட்டு எழுத ஆரம்பித்தார். குடிப்பழக்கம் உண்டா என்றார். தரணி டாக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பயந்து பார்த்தான்.

"கெடையாது டாக்டர். எம் மவன் குடிக்க மாட்டான்."

அவர் எழுதிக்கொண்டார். குடும்பத்தில் வேறு யாருக்காவது மாத்திரையால் இப்படி மஞ்சள்காமாலை வந்ததுண்டா என்று கேட்டார். நான் கையிலிருந்த மாத்திரை அட்டையைத் திருப்பினேன். அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். எதில் இறந்தார்?

ஏழு வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரே பதில். ரேஷன் கடையில், கம்பெனியில், பள்ளிக்கூடத்தில், சொந்தக்காரர் கல்யாணத்தில், யார் கேட்டாலும் குடி என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். அதைச் சொல்லும்போது தரணி பக்கத்தில் இருக்கிறானா என்றுகூடப் பார்த்ததில்லை.

"இதே மாத்திரையில டாக்டர். கண்ணு மஞ்சளான பெறகும் ஒம்பது நாளு குடுத்தேன். வேண்டாம்னு கெஞ்சினாரு. நான்தான் குடுத்தேன்."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் காகிதங்கள் இல்லாமல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார். மஞ்சள்காமாலைக்கு நூறு காரணம் உண்டு, நீங்களே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மனசு. நான் ஒன்றே ஒன்றைக் கேட்டேன், ஈரல் கெட்டுப்போனால் வாயில் வாடை வருமா என்று. முற்றிப்போனால் வரும், தித்திப்பாக ஒரு மாதிரி வரும் என்றார். அதற்கு மேல் எனக்கு எந்தக் காகிதமும் தேவைப்படவில்லை.

தரணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். அன்றும் மறுநாளும் என்னிடம் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் நர்ஸிடம் கேட்டான். பேசாத பிள்ளைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு எங்கே போவேன்? பண்ணையைக் கோகிலா ஓர் ஆள் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் அண்ணாச்சி பழமும் திருநீறுமாக வந்தார். நெற்றியில் பூசப் போனவரைத் தடுத்து, வராந்தாவுக்குக் கூட்டிப்போனேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அவரு சத்தியத்த மீறல அண்ணாச்சி. கடைசி வரைக்கும் காப்பாத்துனாரு. கொடைக்கு வந்த அத்தன பேர்ட்டயும் நீங்கதான் சொல்லணும். நானும் வந்து பீடத்துல நின்னு சொல்லுதேன்."

அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கயிற்றைக் கட்டினது அவர் கை. அதை நான் வெட்டினபோது சரிதான் என்று தலையாட்டினதும் அவர்தான். சொல்லுகிறேன் என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரணியைப் பார்க்காமலேயே படியிறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் கணக்கு பாதியாக இறங்கியிருந்தது. இனிப் பயமில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டுப் போனார். தரணி இட்லி ஒன்றரை சாப்பிட்டான். நான் தட்டைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவன் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளுக்கோஸ் ஊசியைப் பிளாஸ்திரியால் சுற்றி ஒட்டியிருந்தார்கள். மணிக்கட்டில் கயிறு கட்டுகிற அதே இடம்.

"அப்பா குடிக்கலல்லம்மா?"

"குடிக்கல."

"அப்ப ஏம்மா எல்லாரு முன்னாடியும் அந்தக் கயித்த வெட்டின?"

ஏதாவது சமாதானம் சொல்லியிருக்கலாம். டாக்டரே குடி என்றுதான் எழுதினார் என்று சொல்லியிருக்கலாம், எழுதவைத்தது நான். ஊரே சொன்னது என்று சொல்லியிருக்கலாம், ஊருக்குச் சொன்னது நான். எனக்குத் தெரியாதே என்று சொல்லியிருக்கலாம். அவர்தான் தினமும் சொல்லிக்கொண்டிருந்தாரே.

"ஒங்கப்பா சொன்னத நான் நம்பல" என்றேன். "அவ்வளவுதான். வேற ஒண்ணும் இல்ல."

அவன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். போர்வைக்குள் அவன் தோள் குலுங்குவது தெரிந்தது. கை வைக்கப் போனேன், வைக்கவில்லை. பதினோரு மணி ஊசிக்கு நர்ஸ் வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தரணீதரன், அப்பா பெயர் என்ன என்று சரிபார்த்தார். போர்வையை எடுக்காமலே அவன் இசக்கிமுத்து என்று சொன்னான்.